கறுப்புச் சாவு: ஊரோடு ஊரை ஒப்பிட்டவர்கள்

ஒரே நோய் பல நாடுகளுக்குச் செல்லும்போது எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பரவுவதில்லை. ஒரே காலத்தில் போய்ச் சேர்வதுமில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவிய நாள்களில் நாடுவாரியான இறப்புக் கணக்கை நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள் நாம். அவ்வாறு நாட்டோடு நாட்டை ஒப்பிடுவது இக்காலப் புள்ளியியல் தந்த வழக்கம் என்று எண்ணத் தோன்றும். கி.பி. பதினான்காம் நூற்றாண்டின் வரலாற்றைக் கற்போர் அவ்வாறு எண்ணார். நோய்க்கிருமி என ஒன்று உண்டென்பதை எவரும் அறியாத அக்காலத்தில், ஒரு நோய் தொற்றுகிறதா இல்லையா என்று தெளிய விரும்பியவர்க்கு ஊரோடு ஊரை ஒப்பிடும் வழியே பெரிதும் கைகொடுத்தது. அவ்வழியை நாடியோர் சிலரே. அவர்களுள் அரபு நூலார் பெற்ற இடத்தைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோய் சென்ற வழியை நோக்குவோம். ‘கறுப்புச் சாவு’ என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். அரபு நூலார் இதனைத் தாஊன் என்றும் வபா என்றும் குறித்தனர். இது பிளேக் நோயே என்பது இன்று ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகியுள்ளது. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கருகே, கி.பி. 1338, 1339ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் மாண்டவர் எனக் கல்லறைகளில் பொறிக்கப்பட்டவர்களின் பற்களில் பிளேக் கிருமியின் மரபணு இருந்ததை 2022இல் அறிஞர்கள் வெளியிட்டனர். கி.பி. 1346இல் கிரிமியாவில் ஜெனோவா வணிகர்களின் நகராகிய காஃபாவை முற்றுகையிட்ட மங்கோலியப் படையிடையே அந்நோய் பரவியது. (இறந்தோர் உடல்களை அப்படை மதிலுக்குள் வீசியது என்னும் கதையை எழுதியவர் அந்நகரில் இருந்தவர் என்பதற்குச் சான்றில்லை.) 1347இல் கான்ஸ்டான்டிநோபிள், அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அலெக்சாந்திரியா, அக்டோபரில் சிசிலியின் மெஸ்ஸினா, 1348 வேனிலில் பாரிஸ், அதே பருவத்தில் இங்கிலாந்தின் தென்கரை, 1349இல் நார்வே என நோய் நடந்தது.

இப்பட்டியலில் வியக்கத்தக்கது மாஸ்கோவின் இடம். கிரிமியாவிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரில் மாஸ்கோ வந்துவிடும். ஆயினும் நோய் அந்நகரை 1353ஆம் ஆண்டளவிலேயே அடைந்தது; அதுவும் ஐரோப்பாவை மேற்கே சுற்றி, வடமேற்கு ருஷ்ய நகரங்களாகிய ப்ஸ்கோவ், நோவ்கொரொத் வழியாக வந்தது. நிலப்படத்தில் அருகிலிருந்த ஊர் கடைசியில் வீழ்ந்தது. கப்பல் எங்கே சென்றதோ அங்கே நோயும் சென்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவ்வேறுபாடு கண்முன் நிகழ்ந்தும் கற்றோர் பலர் வானத்தையே நோக்கினர். கி.பி. 1348 அக்டோபரில் பாரிஸ் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியர்கள் பிரெஞ்சு மன்னர்க்கு அளித்த அறிக்கை, 1345 மார்ச்சில் சனி, வியாழன், செவ்வாய் ஆகிய மூன்றும் கும்ப ராசியில் கூடியதே காற்று நஞ்சானதற்கு முதற்காரணம் என்றது. வானம் யாவர்க்கும் பொது. அஃதே காரணமாயின், ஓர் ஊரில் இன்றும் அடுத்த ஊரில் ஈராண்டு கழித்தும் மக்கள் மடிவானேன் என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை.

இன்னும் கொடியதொரு விளக்கமும் எழுந்தது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்பது அது. 1349 பிப்ரவரி 14ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்கள் கூட்டமாக எரித்துக் கொல்லப்பட்டனர். அந்நகரில் அப்போது நோய் நுழைந்திருக்கவேயில்லை. இப்பழியை மறுத்துப் போப்பாண்டவர் ஆறாம் கிளெமெண்ட் 1348இலேயே ஆணை விடுத்திருந்தார். அவர் காட்டிய காரணம் நோக்கத்தக்கது: யூதர்களும் இந்நோயால் மடிகின்றனர், யூதர்களே வாழாத நாடுகளிலும் இந்நோய் இருக்கிறது. நாடுகளை ஒப்பிட்டு எழுந்த எளிய வாதம் அது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இனி அந்தலூசியாவுக்கு வருவோம். அல்மேரியா நகரத்து மருத்துவரும் கவிஞருமான இப்னு காத்திமா, தம் ஊரில் நோய் உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு ஏறத்தாழ எழுபதுபேர் மாண்டதைக் குறித்துவிட்டு, பிற ஊர்களிலிருந்து வந்த செய்திகளை அதனருகே வைக்கிறார். ஒரே நாளில் தூனிஸில் 1,202 பேர், திலிம்சானில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர், வலன்சியாவில் 1,500 பேர் என்பன அவர் தரும் எண்கள். அல்மேரியாவில் இறந்தோரின் உடைகளும் படுக்கைகளும் விற்கப்பட்ட சந்தையின் வணிகர்கள் ஏறத்தாழ அனைவருமே மாண்டதையும் அவர் காட்டுகிறார். ஊர்களுக்கிடையே மட்டுமன்றி, ஓர் ஊரின் தெருக்களுக்கிடையேயும் ஒப்பிட்ட கண் அவருடையது.

கிரனாடாவின் அமைச்சராயிருந்த இப்னுல் கத்தீப் (கி.பி. 1313–1374) மேலும் ஒருபடி சென்றார். நோயாளியைத் தீண்டியவர் மடிகின்றனர், தீண்டாதவர் பிழைக்கின்றனர். உடையும் கலமும் காதணியும் நோயைக் கொண்டு சேர்க்கின்றன. நலமாயிருந்த துறைமுகத்தில் நோயுற்ற நாட்டுக் கப்பல் வந்தபின்பே நோய் தோன்றுகிறது என்று அடுக்குகிறார். பிழைத்தவர்களை அவர் தேடிப் பார்த்ததே சிறப்பு. மொராக்கோவின் சலா நகரில் இப்னு அபீ மத்யன் என்பார் உணவைச் சேமித்துக்கொண்டு குடும்பத்தோடு வீட்டை அடைத்துக்கொண்டார். ஊரே அழிந்தபோது அவ்வீட்டில் ஓருயிரும் போகவில்லை. வட ஆப்பிரிக்காவில் கூடாரங்களில் தனித்து வாழ்ந்த நாடோடி அரபுகளும் நலமாயிருந்தனர். ஒரே வானத்தின்கீழ் இவர்கள் மட்டும் தப்பியது எவ்வாறு?

இங்கே ஒரு சமய வினா எழுந்தது. தொற்றுதல் என்பது இல்லை என்னும் பொருள்படும் நபிமொழியைப் பலரும் எடுத்துக்காட்டினர். புலனறிவோடு முரண்படும்போது ஒரு மொழியின் வெளிப்பொருளை விடுத்து உட்பொருள் கொள்ளவேண்டும் என்று இப்னுல் கத்தீப் துணிந்து எழுதினார். நோயுள்ள ஊருக்குள் செல்லலாகாது, நோயுள்ள ஊரிலிருந்து ஓடலாகாது என்னும் நபிமொழியும் உண்டன்றோ? கலீஃபா உமர் (ரலி) சிரியா நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியதறிந்து சர்ஃ என்னும் இடத்திலிருந்து தம் கூட்டத்தாரோடு திரும்பியதும் வரலாறு. இம்மொழிகளை எவ்வாறு இணைத்துப் பொருள்கொள்வது என்பதில் அறிஞரிடையே நீண்ட வாதம் நடந்தது. அதனை ஒருவர் அறிவுடையார், மற்றவர் அறியாதார் என்று சுருக்குவது முறையாகாது.

நம் நாட்டாரும் நன்கறிந்த பயணி இப்னு பதூதா. கி.பி. 1348இல் அவர் சிரியாவில் இருந்தார். திமிஷ்கில் மூன்று நாள் நோன்பிருந்தபின், முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாகச் சென்று இறைஞ்சிய காட்சியை அவர் எழுதியுள்ளார். ஸ்ட்ராஸ்பர்க்கில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆயினும் அவருடைய எண்களைக் கவனத்தோடு கொள்ளவேண்டும். திமிஷ்கில் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் குறைவு, காஹிராவிலோ இருபத்து நான்காயிரம் என்கிறார். பின்னதை மிகை என்றே இன்றைய ஆய்வாளர் கருதுவர். அவர் காஹிராவை அடைந்தபோது நோயின் வேகம் தணிந்திருந்தது. அவ்வெண் செவிவழிச் செய்தியே. இவர்தாம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் மதுரையிலும் ஒரு கொள்ளைநோயைக் கண்டவர். பற்றியவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மடிந்தனர் என்றும், தாம் வாங்கிய பணிப்பெண்ணும் மறுநாளே இறந்தாள் என்றும் எழுதுகிறார். அதுவும் கறுப்புச் சாவே என்று சிலர் எழுதிவிடுகின்றனர். பிளேக்குக்குரிய நெறிக்கட்டியைப் பற்றி அவர் அங்கே ஒரு சொல்லும் கூறவில்லை. விரைவில் கொன்றது என்பது ஒன்றே போதிய சான்றாகாது.

இறைஞ்சக் கூடியோரின் உள்ளத் தூய்மையில் ஐயமில்லை. ஆனால் கூட்டத்தின் விளைவு வேறு. ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) காஹிராவில் மீண்டும் பிளேக் பரவியபோது மக்கள் திரண்டு பாலைவெளிக்குச் சென்று வேண்டினர். அதற்குமுன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த இறப்பு, பின்னர் ஒரு திங்களுக்குள் ஆயிரத்தைக் கடந்தது என்று ஹதீஸ் கலை வல்லுநர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி பதிவு செய்துள்ளார். பிளேக்கில் தம் புதல்வியர் மூவரை இழந்தவர் அவர்.

தனித்திருந்தோர் பிழைத்தனர் என்னும் உண்மையை ஆட்சியாளர் சிலரும் கண்டுகொண்டனர். மிலான் நகரில் நோய் தோன்றிய முதல் வீடுகளின் வாயிலை, உள்ளே இருந்தவர்களோடு சேர்த்துச் சுவரெழுப்பி அடைத்தனர் என்பர். பிற இத்தாலிய நகரங்களை நோக்க மிலானில் இறப்புக் குறைவே. எனினும் இம்முறையின் கொடுமையை எண்ணி உள்ளம் நடுங்குகிறது. மனிதத்தன்மை கெடாத வழியொன்றைப் பின்னர் அட்ரியாட்டிக் கரையிலுள்ள ரகூசா என்னும் சிறு துறைமுகம் கண்டது. இன்று துப்ரோவ்னிக் என வழங்கும் அந்நகரத்தின் பேரவை, நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் அருகிலுள்ள சிறு தீவிலோ சவ்தத் ஊரிலோ ஒரு திங்கள் தங்கிய பின்னரே நகருக்குள் வரலாம் என்று 1377இல் சட்டமியற்றியது. பிற்காலத்தில் அம்முப்பது நாள் நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ பிறந்தது. இப்னுல் கத்தீப் அரசியல் பகையால் சமயப் பழி சுமத்தப்பட்டு ஃபெஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.