சக்கைக்குள் சர்க்கரை

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலையைப் பார்த்திருக்கிறீர்களா? பிழிந்த சக்கையைக் காயவைத்துக் கொப்பரைக்கு அடியிலேயே எரிப்பார்கள். நாக்கில் இனிக்காத அந்தக் காய்ந்த சக்கையில் பாதிக்கு மேல் சர்க்கரை மூலக்கூறுகள்தாம்! செல்லுலோஸ் முதலிய நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக் கிடப்பதால் நாம் அறிவதில்லை.

1819-ல் பிரெஞ்சு வேதியியலார் பிராக்கனோ, கந்தல் லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்து, நீர் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சர்க்கரை எடுத்தார். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி, இரு கண்ணிகளை இணைக்கும் ஆக்சிஜனில் ஒட்டிப் பிணைப்பைத் தளர்த்துகிறது. நீர் புகுந்து பிரிக்கிறது. அயனியோ செலவாகாமல் அடுத்த கண்ணிக்குப் போகிறது. ஆகவே அது வினையூக்கி.

கணக்குப் பாருங்கள். 162 கிராம் செல்லுலோஸ், 18 கிராம் நீருடன் சேர்ந்து 180 கிராம் குளுக்கோஸ் ஆகும். ஈஸ்ட் அதை நொதிக்க வைத்தால் 92 கிராம் எத்தனால். மீதி கார்பன் டை ஆக்சைடு. தாளில் வரும் கணக்கு இது! சூடு சற்று மிஞ்சினால், பிறந்த சர்க்கரையையே அமிலம் சிதைத்து, ஈஸ்ட்டுக்கு நஞ்சான ஃபர்ஃபுரால் போன்றவற்றை உண்டாக்கும். கலனும் அரிக்கும். வடிகட்டி மீண்டும் பயன்படுத்தக்கூடிய திட அமிலங்களை ஆய்வாளர்கள் தேடுவது இதனால்தான்.

சரி, சக்கையைக் கொடுத்துவிட்டால் கொப்பரைக்கு எதை எரிப்பது? ஆலைக்காரர் கேட்பது நியாயமே. 1912-ல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், இனிப்புக் கரும்போடு நாணலைக் கலந்து புகழ்பெற்றது. இப்போது சாற்றைவிட நாருக்காகவே வளர்க்கும் எரிசக்திக் கரும்புகளையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள்.