டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கு

கண்ணு, சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட கம்பெனியில இருந்தே போன் பண்ணி அழுத. பையன் மூணாவது வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியலை, டீச்சர் "எங்கியாச்சும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க"ன்னுட்டாங்க, மாப்பிள்ளை "அவனென்ன பைத்தியமா?"ன்னு சத்தம் போட்டாருன்னு ஓவர்லாக் இரைச்சலுக்கு நடுவுல பாதிதான் காதுல விழுந்துச்சு. அதான் எழுதியே அனுப்பறேன். உன்ற லைன்ல கைமடிக்கற புள்ளைங்களுக்கும் படிச்சுக் காட்டு. அவங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கும்.

மொதல்ல மாப்பிள்ளைக்கு ஒண்ணு சொல்லிரு. பைத்தியத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணு தெரியும், காது கேக்கும், புத்தி வயசுக்குத் தக்கன இருக்கும். எழுத்தைப் பாத்தா அதோட சத்தம் மட்டும் சட்டுனு வராது. அதுக்குத்தான் டிஸ்லெக்சியான்னு பேரு. எழுதறதுல சிக்கல்னா டிஸ்கிராஃபியா, கணக்குலன்னா டிஸ்கால்குலியா. இதையெல்லாம் சேத்து 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'ன்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுது. அதுல இருக்கற 21 வகையில இதுவும் ஒண்ணு, ஆட்டிசமும் ஒண்ணு. ஒரு எடத்துல உக்கார முடியாம, கவனம் நிக்காம இருக்கற ஏடிஹெச்டி அந்தப் பட்டியல்ல தனியா இல்லை. ஆனா ஒரே புள்ளைக்கு ரெண்டும் சேந்து இருக்கறது சகஜம். அதனால "இது என்ன நோவு?"ன்னு கேட்டுட்டு நிக்காத. "இவனுக்கு எந்த எடத்துல தட்டுது?"ன்னு கேளு.

என்ற பெரியவன் கதை உனக்குத் தெரியும், ஆனா முழுசாத் தெரியாது. நாலாவது படிக்கறப்ப நம்ம பவர்டேபிளுக்கு வந்து பண்டல் எண்ணுவான். "240 பீசு எத்தனை டஜன்டா?"ன்னா "இருவது"ன்னு வாயை மூடறதுக்குள்ள சொல்லுவான். அதையே நோட்டுல எழுதச் சொன்னா 204ன்னு இருக்கும். 'ஆசிரியர்'னு எழுதச் சொன்னா 'ஆசரியிர்'. ச மேல இருக்க வேண்டிய சுழி தப்பிச்சுப் போயி ய மேல ஏறி உக்காந்திருக்கும். 'பெட்டி'ன்னு எழுத ப-வைப் போட்டுட்டு, அதுக்கப்பறம் கொம்பைத் தேடுவான். யோசிச்சுப் பாத்தா அவனைச் சொல்லியும் குத்தமில்லை. வாயில சத்தம் பின்னால வருது, கையில கொம்பு முன்னால வரணும். அவிநாசி பஸ்ஸைப் போர்டு படிச்சு ஏற மாட்டான், பெயிண்டைப் பாத்து ஏறுவான். நான் அதைக் கெட்டிக்காரத்தனம்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அப்பறம் ஒரு எடத்துக்கு, பேரு வேண்டாம், டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நைட்டு ஷிப்ட் முடிச்சு நேரா. அவனுக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டாம் நாளு, காலையில வெறும் ரெண்டு பன்னு. அரைமணி நேரத்துல முடிச்சு ஒத்தைத் தாளு குடுத்தாங்க, அதுல ஒரே ஒரு நம்பரு: ஐக்யூ 76. அந்த நம்பரை நம்பி ஆறு மாசம் வீட்டுல ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்காம இருந்தோம். "படிப்பு வரலைன்னா கம்பெனிக்கு வரட்டும்"னு அவங்கப்பா சொன்னாரு. திருப்பூர்ல இந்த வார்த்தை வாயில வர்றதுக்கு ஒரு நிமிசம் போதும், அதுதான் எனக்குப் பயம். வேற ஊர்ல படிக்காத பையன் கண்ணுக்குத் தெரிவான். இங்க அவன் டேபிள்ல நின்னு பீசு அடுக்குவான், வாரக் கூலி வரும், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

ரெண்டாவதா போன எடத்துல மூணு தடவை வரச் சொன்னாங்க. ஒரு தடவை எங்ககிட்ட மட்டும் பேச்சு. அடுத்த தடவை கட்டை அடுக்கறது, படத்துல விட்டுப்போனதைச் சொல்றது, நம்பரைத் திருப்பிச் சொல்றது. மூணாவது தடவை படிக்க, எழுத, கணக்குப் போட. முடிவுல கையில வந்தது நம்பரு இல்லை, பையன். காரணம் சொல்றது, கேட்டுப் புரிஞ்சுக்கறது எல்லாம் வயசுக்கு மேல. எழுத்தைச் சத்தமாக்கற வேகம் மட்டும் ஒண்ணாவது புள்ளை அளவு. நான் பதினேழு வருசமா செக்கிங் டேபிள்ல நிக்கறவ. நெஞ்சளவு சரியா இருந்தா மட்டும் ஒரு பீசை பாஸ் பண்ணிருவோமா? தோளு, கை, கழுத்து, உயரம்னு ஸ்பெக் ஷீட்டைப் பாத்து ஒவ்வொண்ணுக்கும் டேப் வெக்கறோம். பெத்த புள்ளைக்கு ஒத்தை நம்பரை வாங்கிட்டு வந்தேனேன்னு இருந்துச்சு. அங்க டெஸ்ட் வெச்ச அம்மா சொன்னாங்க, 1905ல பாரிஸ்ல பினேங்கறவரு இந்த மாதிரி டெஸ்டை உண்டாக்கினதே, பள்ளிக்கூடத்துல எந்தப் புள்ளைக்குக் கூடுதலா ஒத்தாசை வேணும்னு கண்டுபிடிக்கத்தானாம். தள்ளி வெக்கறதுக்கு இல்லையாம்.

சரி, இனி நீ செய்ய வேண்டியது.

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி ரெண்டு வாரம் எழுது. 'சோம்பேறி', 'மக்கு'ன்னு எழுதாத, நடந்ததை எழுது. "திங்கக்கெழமை, தமிழ் வீட்டுப்பாடம் நாலு வரி, ஒரு மணி நேரம், ரெண்டு தடவை தண்ணி குடிக்க எந்திரிச்சான், கடைசி வரியில அழுதான்." "கதையைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னான்." நல்லா வர்றதையும் கண்டிப்பா எழுது, அதைத்தான் எல்லாரும் மறந்துடறோம். ஒண்ணாவதுல இருந்து இருக்கற பழைய நோட்டு, பரிட்சைத் தாளு எதையும் எடைக்குப் போட்டுராத. எத்தனை மாசத்துல பொறந்தான், எடை என்ன, எப்ப நடந்தான், எப்பப் பேசினான்னு ஒரு பக்கம். சொந்தத்துல வேற யாருக்காச்சும் படிப்புல இந்த மாதிரி இருந்துச்சான்னும் எழுது. இது வழிவழியா வரக்கூடியது. நான் எழுதறப்பதான் எங்க மாமனார் ஏன் எப்பவும் "கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீ படி"ன்னு பேப்பரை நீட்டுவாருன்னு வெளங்குச்சு.

கிளாஸ்ல எப்படி இருக்கான்னு டீச்சர்கிட்ட ஒரு லெட்டர் கேளு. ஏடிஹெச்டின்னு சொல்றதுக்கு வீடு, பள்ளிக்கூடம்னு ரெண்டு எடத்துலயாச்சும் அந்தக் கொணம் தெரியணும். வீட்டுல மட்டும் ஆடறான்னா காரணம் வீட்டுல இருக்கலாம்.

அதுக்கும் முந்தி கண்ணையும் காதையும் பாத்துரு. காதுல அழுக்கு அடைச்சதை 'கவனமில்லை'ன்னு ரெண்டு வருசம் திட்டின வீடு எனக்குத் தெரியும்.

இப்ப ஒரு முக்கியமான விசயம். படிக்க வரலைன்னா எல்லாமே டிஸ்லெக்சியா இல்லை. கொரோனா சமயத்துல ஒண்ணாவது சேந்து, வகுப்பறையவே பாக்காம ரெண்டாவது மூணாவது ஏறின புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்காததுதான் கொறை. நம்ம காம்பவுண்டுல இருக்கற ஒடிசாக்காரங்க பையனை எடுத்துக்கோ. வீட்டுல ஒடியா, தெருவுல இந்தி, பள்ளிக்கூடத்துல தமிழ். அவனைத் தமிழ்க் கேள்வித்தாளை வெச்சு அளந்தா என்ன வரும்? வீட்டுல கன்னடமும் தெலுங்கும் பேசற நம்மூருக்காரங்களுக்கும் இதேதான். நீ உன்ற பையனை ஒண்ணாவது தமிழ் மீடியத்துல போட்டு ரெண்டாவதுல இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தினியே, அதையும் மறைக்காம சொல்லு. வீட்டு மொழி என்ன, எந்த மொழியில டெஸ்ட் பண்ணுவீங்கன்னு நீயே மொதல்ல கேளு. கேக்கறதுல தப்பில்லை.

யார்கிட்டப் போறதுங்கறது அடுத்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும். ஆர்.சி.ஐ. நம்பர்னு சொல்லுவாங்க. அந்த நம்பர் ரிப்போர்ட்டுல கையெழுத்துக்குக் கீழ இருக்கணும். டியூசன் சென்டர்ல நாலு கேள்வி கேட்டுட்டு 'எல்.டி.'ன்னு முத்திரை குத்தறாங்களே, அது கணக்குல வராது. பத்து விரல் ரேகையை ஸ்கேன் பண்ணிப் புள்ளையோட மூளையைச் சொல்றேன்னு பிட் நோட்டீஸ் குடுத்தா, அந்தக் காசுக்கு அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடு. ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒரு ஆதாரமும் இல்லை.

பிரைவேட்ல சில ஆயிரம் ஆகும். அதுக்கு முன்னால காசில்லாத வழியைப் பாரு. அரசுப் பள்ளின்னா வட்டார வள மையத்துல இருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவாங்க. ஹெட்மாஸ்டர்கிட்டச் சொன்னா வரச்சொல்லுவாங்க. வருசா வருசம் மருத்துவ மதிப்பீட்டு முகாமும் நடக்கும். தாராபுரம் ரோட்டு ஜி.ஹெச்.ல குழந்தைங்க ஓ.பி.யில கேட்டா எந்தப் பிரிவுன்னு காட்டிவிடுவாங்க. பொறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் இந்த மாதிரி வளர்ச்சிக் கொறைகளைப் பாக்கன்னு 2013ல மத்திய அரசு தொடங்கின திட்டமே இருக்கு, ஆர்.பி.எஸ்.கே.ன்னு. அதுக்காக மாவட்ட அளவுல இருக்கற எடத்துக்கு 'ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம்'னு பேரு. இந்தப் பேரைச் சொல்லிக் கேளு. பேரு சொல்லிக் கேக்கறவங்களுக்குப் பதில் வேற மாதிரி வரும், அது ஆஸ்பத்திரின்னாலும் சரி, கம்பெனி ஆபீஸ்னாலும் சரி.

உன்ற பையனுக்கு எட்டு வயசு, அதனால இதுதான் சரியான நேரம். கற்றல் குறைபாடுன்னு உறுதியாச் சொல்றதை எட்டு வயசு ஆனப்பறம்தான் செய்யறாங்க. ஆனா உன்ற சின்னவளுக்கு ரெண்டு வயசாகியும் பேர் சொன்னாத் திரும்பலை, விரலை நீட்டிக் காட்டலைன்னா எட்டு வயசு வரைக்கும் காத்துட்டு இருக்காத. அது ஆட்டிசம் இருக்கான்னு பாக்கற வேற சோதனை, மறுநாளே போகணும். அப்பறம், பொண்ணுங்க விசயத்துல கூடுதல் கவனம் வேணும். சத்தம் போடாம கடைசி பெஞ்சுல பகல்கனவு கண்டுட்டு இருந்தா யாரும் டெஸ்டுக்கு அனுப்ப மாட்டாங்க, "அமைதியான புள்ளை"ன்னு சர்ட்டிபிகேட்தான் குடுப்பாங்க.

போற அன்னைக்கு லீவு போடு. பீஸ் ரேட்டுல ஒரு நாள் கூலி போகும், போகட்டும். மொத நாள் ராத்திரி அவனைத் தூங்க வை, காலையில இட்லி குடு, கண்ணாடி இருந்தா மாட்டிவிடு. "நல்லாப் பண்ணுடா, சொல்லிக்குடுத்ததைச் சொல்லுடா"ன்னு பழக்கிக் கூட்டிட்டுப் போகாத. அவனுக்குத் தெரியாதது தெரியாததாவே அங்க தெரியணும். "எழுத்து ஏன் உனக்குக் கஷ்டமா இருக்குன்னு பாத்து, சுலபமாக்க வழி சொல்லுவாங்க"ன்னு சொல்லு, போதும். சளி காய்ச்சல் இருந்தா தேதியை மாத்து. என்ற தப்பை நீ பண்ணாத.

ரிப்போர்ட் வாங்கறப்ப மாப்பிள்ளையும் கூட இருக்கட்டும். எந்தெந்த டெஸ்ட் வெச்சாங்க, ஒவ்வொண்ணுலயும் எப்படி, எது பலம், எது தட்டுது, பள்ளிக்கூடம் என்ன செய்யணும், வீட்டுல என்ன செய்யணும்னு அதுல எழுதியிருக்கணும். "தனிக் கவனம் தேவை"ன்னு ஒத்தை வரியில முடிச்சிருந்தா எந்திரிக்காத. "வாரத்துக்கு எத்தனை நாளு, எத்தனை நிமிசம், யாரு, எதை வெச்சு?"ன்னு கேளு. பெரியவனோட ரிப்போர்ட்டுல கரும்பலகையைப் பாத்து எழுத வெக்க வேண்டாம், தாளாக் குடுங்க, சமூக அறிவியலை வாயால கேட்டு மார்க் போடுங்கன்னு ஒவ்வொண்ணா இருந்துச்சு. அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து எல்லா டீச்சருக்கும் குடுத்தேன். ரெண்டு பேரு படிச்சாங்க. அந்த ரெண்டு பேரு போதுமா இருந்துச்சு.

பிரைவேட் ரிப்போர்ட் வேற, அரசு சர்ட்டிபிகேட் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு பத்தாவதுல வந்து நிக்கறவங்கதான் அதிகம். சர்ட்டிபிகேட்டுக்கு யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போர்ட்டல்ல பதிஞ்சுட்டு அரசு மருத்துவக் குழு முன்னால போகணும். சந்தேகம்னா பல்லடம் ரோட்டுல கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கு. 2018ல வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வயசுல சர்ட்டிபிகேட் வாங்கினாலும் 14லயும் 18லயும் மறுபடி டெஸ்ட். 18ல குடுக்கறதுதான் ஆயுசுக்கும். 2024ல விதியைத் திருத்தியிருக்காங்க, அதனால போறப்ப இப்ப என்ன முறைன்னு கேட்டுக்கோ.

பத்தாவது பொதுத்தேர்வுல டிஸ்லெக்சியா புள்ளைங்களுக்குக் கூடுதலா ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆளு, ஒரு மொழிப்பாட விலக்குன்னு சலுகை இருக்கு. மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டு வாங்காத. மேல என்ன படிக்கப் போறான், அதுக்கு அந்த மொழி வேணுமான்னு பாத்துட்டு வாங்கு. பெரியவனுக்கு நேரமும் ஆளும் மட்டும் வாங்கினோம். ஒம்பதாவது தொடங்கறப்பவே ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுத்தோம். ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல ஓடினா ஆகாது. தேர்வு அறையிலயும் சர்ட்டிபிகேட் காப்பி கையில இருக்கணும். 2021 நீட்ல அவ்னி பிரகாஷ்ங்கற பொண்ணுக்கு டிஸ்கிராஃபியா. சர்ட்டிபிகேட் இருந்தும் கூடுதல் நேரம் தராம மத்தவங்களோட சேத்துப் பேப்பரை வாங்கிட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, அந்தப் பொண்ணு பக்கம்தான் நியாயம்னு நவம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. ஆனா மறுபடி பரிட்சை வெக்கச் சொல்லலை. அதனால தேர்வுக்கு மொத நாளே அந்த சென்டருக்கு ஒரு நடை போயி, "என்ற பையனுக்கு ஒரு மணி நேரம் கூட உண்டு, லிஸ்ட்ல இருக்கா?"ன்னு பாத்துட்டு வந்துரு.

ரிப்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டையும் பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் போட்டுராத. நான் போட்டேன். பின்னால சீல் வெக்கணும்னாங்க, பிளேடை வெச்சு ஓரத்தைக் கிழிச்சுப் பிரிக்கறதுக்குள்ள பாதி எழுத்து பிளாஸ்டிக்கோட வந்துருச்சு. ஜிப் வெச்ச ஃபைல் இருவது முப்பது ரூவாய்க்குக் கெடைக்கும், வர்றப்ப ரெண்டு வாங்கிட்டு வர்றேன்.