பணியிடமும் மரியாதையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

இன்னும் ஓராண்டில் நம் வகுப்பினர் பலர் பட்டம் பெற்று வேலைக்குச் செல்லவிருக்கிறோம். சிலர் செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்கும், சிலர் நம் ஊர்க் கடைகளுக்கும், சிலர் சென்னை, ஓசூர் நிறுவனங்களுக்கும் போவோம். நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பாடத்தில் ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்கிறோம். மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் நம்மை இழித்துப் பேசினால் என்ன செய்வதென்று யாரைக் கேட்பது? வீட்டில் கேட்டால் ஒரே விடைதான் கிடைக்கும்: "பொறுத்துப் போ." கூலி வேலை செய்து நம்மைப் படிக்க வைத்தவர்கள், ஏச்சையும் கூலியோடு சேர்த்தே வாங்கிப் பழகியவர்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அடுத்த தலைமுறைக்கு நாமும் அதே விடையைத்தான் சொல்ல வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வள்ளுவர் தந்த எச்சரிக்கை

இனிமையாகப் பேச வேண்டும் என்பது சிறு வயதிலேயே நாம் கற்ற பாடம். திருக்குறளின் 10-ஆம் அதிகாரமாகிய 'இனியவை கூறல்' இல்லறவியலில் உள்ளது. அது எல்லோருக்கும் பொது. ஆனால் வள்ளுவர் அத்துடன் நிற்கவில்லை. பொருட்பாலில், 'வெருவந்த செய்யாமை' என்னும் 57-ஆம் அதிகாரத்தில், கடுஞ்சொல் பேசும் அரசனின் வலிமையும் செல்வமும் தேய்ந்து அழியும் என்கிறார். அதிகாரம் உடையவனின் நாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை எதற்கு? நமக்குச் சமமானவன் ஏசினால் திருப்பிக் கேட்கலாம். அல்லது விலகிப் போகலாம். நம் சம்பளம் எவன் கையில் இருக்கிறதோ, அவன் ஏசினால் இரண்டுமே எளிதல்ல.

குணமா, சூழ்நிலையா?

பணியிடத்தில் தொல்லை தருபவரைக் குறித்து "அவர் குணமே அப்படி" என்று சொல்லி முடித்து விடுகிறோம். தூய நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று மட்டும் எழுதினால் நம் பேராசிரியர் முழு மதிப்பெண் தரமாட்டார். 'இயல்பான வளிமண்டல அழுத்தத்தில்' என்றும் சேர்த்தாக வேண்டும். உயர்ந்த மலை மேல் அதே நீர் அதற்கு முன்பே கொதித்து விடுகிறது. மனிதரின் கோபமும் இத்தகையதே. நாளொன்றுக்கு இத்தனை உருப்படி முடிந்தாக வேண்டும் என்று மேலிருந்து நெருக்கப்படும் மேற்பார்வையாளர், கீழே இருப்பவரை நெருக்குகிறார். ஏசினால் கேட்பார் இல்லை என்பதும் தெரிந்துவிட்டால் ஏச்சே வழக்கமாகி விடுகிறது. இதனால் ஏசுபவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். ஆயினும், அவர் ஒருவரை நீக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்துக்கு அடுத்து வருபவரும் அப்படியே ஆகக்கூடும்.

சென்னையும் திண்டுக்கல்லும்

கேட்பார் இல்லாத நிலையை மாற்றிய முன்னோடிகள் நம் மாநிலத்திலேயே உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு அதனை அமைத்தனர். அத்தொழிலாளரின் குறைகள் கூலி பற்றியவை மட்டுமல்ல. போதாத உணவு இடைவேளையும் அதிகாரிகளின் கடுமையான நடத்தையும் அவற்றுள் அடங்கும்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அக்குறை தீரவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அப்பெண்ணுக்கு வயது 20. அதாவது நம் வயது.

அத்துயரத்திலிருந்து பிறந்ததே 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் அதில் ஒப்பமிட்டன. ஆடைகளை வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளரிடையே இருந்தே சிலருக்குப் பயிற்சி தந்து, தவறான நடத்தையைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பை ஒப்படைத்தனர். புகார் செய்தவரைப் பழிவாங்கத் தடை விதித்தனர். பெண் என்பதால் இழைக்கப்படும் கொடுமையோடு, சாதியின் பேரால் நடக்கும் இழிவையும் சேர்த்தே தடுத்தனர். ஆலை வாக்குத் தவறினால் அதன் வணிகம் பாதிக்கப்படும் என்றும் விதித்தனர். நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல், நல்லெண்ணம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்ததே இதன் சிறப்பு.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா வழக்கில் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குப் பெண்ணே தலைமை தாங்க வேண்டும். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் புகார் எழுதித் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு கடையில் பணிபுரிபவருக்கென மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு.

மரியாதை என்பது சொல்லில் மட்டும் இல்லை, நாற்காலியிலும் இருக்கிறது. துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்களின் கால் வீக்கத்தை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தருவது கட்டாயமாக்கப்பட்டது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! வேலையில் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். புகார்க் குழு எது, அதன் தலைவர் யார் என்பதையும் கேட்டறிவோம். உடன் பணிபுரிபவர் ஏச்சு வாங்கும்போது தலையைக் குனிந்துகொள்ளாமல், பின்னராவது அவர் அருகில் சென்று நிற்போம். நடந்ததை நாளும் நேரமும் இட்டு எழுதி வைப்போம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பட்டம் பெற்ற நம்மில் பலருக்கு முதலில் கிடைக்கப் போவதே மேற்பார்வையாளர் பதவியாக இருக்கலாம். அன்று நம் முன் நின்று வேலை செய்பவர்கள் நம் தாய் தந்தையரைப் போன்றவர்களாகவே இருப்பார்கள். அவர்களை எப்படி அழைக்கப் போகிறோம் என்பதே நாம் எழுதப் போகும் உண்மையான தேர்வு.