வான்கோமைசின் அளவும் ரத்தம் எடுத்த நேரமும்: ஓர் இளம் மருந்தாளுநருக்கு

நரம்பு வழியாக வான்கோமைசின் ஏறும் நோயாளியின் ரத்தத்தில் மருந்தின் அளவு மணிக்கு மணி மாறும். ஆகவே லேப் தரும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. டோஸ் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் ஆகிய மூன்றும் கூடவே இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய நோயாளிக் குறிப்பில் எடை இருக்கிறது, கிரியேட்டினின் இருக்கிறது, ‘அளவு 22, டோஸைக் குறைக்கவும்’ என்ற பரிந்துரையும் தடித்த எழுத்தில் இருக்கிறது. நேரம் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. எரிச்சலூட்டும் விடுபாடு இது.

அடுத்த டோஸ் காலை 10 மணிக்கு என்றால், அதற்கு அரை மணிக்குள் எடுப்பதே சரியான அடிமட்ட மாதிரி. வார்டிலோ மற்ற பரிசோதனைகளோடு சேர்த்து 8 மணிக்கே எடுத்துவிடுவது வழக்கம். சிறுநீரகம் நன்றாக இயங்கினால் வான்கோமைசின் ஏறக்குறைய 6 மணி நேரத்தில் பாதியாகும். 8 மணிக்கு லிட்டருக்கு 22 மில்லிகிராம் இருந்தால் 10 மணிக்கு அது ஏறக்குறைய 17.5. இதற்குப் போய் டோஸைக் குறைத்தால் லாபம் கிருமிக்குத்தான். மருந்து ஏறிய அதே லைனில் ரத்தம் எடுத்திருந்தால் 22 என்ற எண்ணையே நம்ப முடியாது. ஒட்டியிருக்கும் மருந்து அளவைப் பொய்யாக உயர்த்தும். எதிர்க் கையில் எடுப்பதே முறை.

22 அதிகம் என்று தோன்றுவது பழைய இலக்கோடு ஒப்பிடுவதால்தான். 2009 அமெரிக்க நெறிமுறை கடுமையான தொற்றுகளுக்கு அடிமட்ட அளவை லிட்டருக்கு 15–20 மில்லிகிராம் என்று வைத்தது. அதன்பின் ரவுண்ட்ஸில் 15-ஐத் தொட்டுவிட்டதா என்பதே பேச்சு. எண்ணைத் துரத்தியதில் சிறுநீரகப் பாதிப்பும் கூடியது. 2020 திருத்தம் அந்த இலக்கைக் கைவிட்டு, கடுமையான எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுக்கு 24 மணி நேர ஏ.யூ.சி. (ரத்த அளவு வளைவின் கீழ்ப் பரப்பு) 400–600 என்று மாற்றியது.

இந்த மாற்றத்தை உங்கள் குறிப்பின் கடைசிப் பக்கம் விளக்கும் விதம் அபாரம், பாடநூலிலேயே சேர்க்கலாம். ஆனால் அந்தக் கணக்குக்கு வழக்கமாக இரண்டு மாதிரிகள் வேண்டும்: டோஸ் முடிந்து 1 முதல் 2 மணி நேரத்தில் ஒன்று, அடுத்த டோஸுக்குச் சற்று முன் மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவிலிருந்துதான் ஏ.யூ.சி. கிடைக்கிறது. எனவே புதிய முறையில் நேரம் எழுதும் வேலை இரட்டிப்பாகிறது. எடுக்க வேண்டிய நேரம் தவறிப்போனாலும் எடுத்த நேரம் சரியாகப் பதிவாகியிருந்தால், பெரும்பாலும் அந்த மாதிரியைக் கொண்டே கணக்குப் போட்டுவிடலாம்.