படுத்துக்கொள்ளும் படங்கள்

கைப்பேசியில் நிமிர்ந்து நிற்கும் படம், வீட்டுக் கணிப்பொறியில் படுத்துக்கொள்வது ஏன்?

நாம் கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்தாலும், பெரும்பாலும் படம் கிடையாகவே பதிவாகிறது. ‘வலப்புறமாக 90 பாகை திருப்பிக் காட்டுக’ என்னும் குறிப்பு, 6 என்ற எண்ணாகக் கோப்பில் சேர்கிறது. இது எக்சிஃப் முறை. 1995இல் ஜப்பானில் வெளியானது. குறிப்பைப் படிக்காத மென்பொருளில் படம் சாய்ந்தே தெரியும். படத்தைத் திருப்பிவிட்டுக் குறிப்பை 1 என மாற்றாவிடில், வேறொரு மென்பொருள் மீண்டும் திருப்பிவிடும்.

ஜேபெக் படத்தைத் திருப்பித் திருப்பிச் சேமித்தால் நுண்விவரங்களும் குறையலாம். ஆகவே முதலில் படியெடுப்போம், படியையே திருப்புவோம், மூலத்தைத் தொடாது காப்போம். மறைந்த பாட்டியை மறுபடி படமெடுக்க இயலுமா?