வெள்ளி முலாம் உரியாமல் இருக்க

பித்தளை விளக்கில் பூசிய வெள்ளி ஆறே மாதத்தில் உரிந்தால், வெள்ளி மட்டம் என்று நினைக்கிறோம். கோளாறு பெரும்பாலும் அடியிலுள்ள பித்தளையில்தான் இருக்கும்.

1. பிசுக்கு இருக்கும் இடத்தில் வெள்ளி பிடிக்காது. கொப்புளமாக எழும்பி உரியும். பட்டறைக்குக் கொடுக்குமுன் விளக்கின் திரிமுகம், மரைகளை வெந்நீரும் சோப்பும் போட்டுப் பழைய பிரஷால் தேயுங்கள்.

2. கீறலையும் நசுங்கலையும் முலாம் மறைக்காது. பளபளப்பில் அவை இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒடுக்கெடுத்து, பாலிஷ் போட்ட பிறகே பூசச் சொல்லுங்கள்.

3. ஈயம் வைத்துப் பற்றிய இடம் இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அங்கே முதலில் செம்பு ஏற்ற வேண்டும். இரும்புச் சாமானுக்கும் அடியில் செம்போ நிக்கலோ தேவை.

4. பித்தளையை வெள்ளிக் கரைசலில் நேராக இறக்கினால், மின்சாரம் பாயுமுன்பே வெள்ளி தானாகப் படியும். அந்தப் படிவுக்குப் பிடிமானம் கிடையாது. அதனால்தான் நல்ல பட்டறையில், வெள்ளி குறைந்த தனிக் கரைசலில் மெல்லிய முதல் பூச்சு கொடுப்பார்கள். அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

5. எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். 10 செ.மீ. நீளமும் அகலமும் உள்ள பரப்பில் 10 மைக்ரான் பூச ஏறத்தாழ 1 கிராம் வெள்ளி ஆகும். கூலி நியாயமா என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

6. பன்னீர்ச் செம்பு போன்ற உள்கூடான பொருளின் இணைப்பில் சில நாள் கழித்துக் கறை கசிந்தால், உள்ளே கரைசல் தங்கியிருக்கிறது. முலாம் கரைசலில் பெரும்பாலும் சயனைடு இருக்கும். வீட்டில் கழுவிப் பார்க்காமல் பட்டறைக்கே திருப்பிக் கொடுங்கள். இதே காரணத்தால், வீட்டில் முலாம் பூசும் முயற்சி வேண்டவே வேண்டாம்.

7. கறுத்த கிண்ணத்தைப் புளி, சாம்பல் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கிண்ணம் அதில் படும்படி வையுங்கள். 1 லிட்டர் கொதிநீரில் 1 மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றுங்கள். கறுப்பிலுள்ள கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி கிண்ணத்திலேயே தங்கும். கல் பதித்தவை, உள்கூடானவை, கறுப்பு வேலைப்பாடு உள்ளவை இதற்கு ஆகாது.

8. விளிம்பில் மஞ்சள் தெரிந்தால் அது கறையல்ல, பித்தளை. தேய்ப்பதை நிறுத்தி, மறுமுலாமுக்குக் கொடுங்கள்.

9. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் கோடாகக் கறுத்துவிடும்.