பல்லைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பெண் பார்க்கும் பேச்சு நிறம், உயரம், முடி என்று எல்லாவற்றையும் கடந்து கடைசியில் பல்லுக்கு வரும். ‘பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, பல்லுதான் கொஞ்சம் காவி’ என்று ஒருவர் சொன்னால் போதும், படிப்பும் வேலையும் பின்னுக்குப் போய்விடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி வைத்திருக்கும் நாம், நகையும் சீர்வரிசையுமாக வருகிற பெண்ணுக்கு அந்த மரியாதையைக்கூடக் கொடுப்பதில்லை. அந்தக் காவியைப் போக்கும் பொறுப்பு முழுக்க அவள் தலையில்தான் விழுகிறது. எலுமிச்சையும் உப்பும், சமையல் சோடா, கரித்தூள், வெண்மையாக்கும் பற்பசை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கையால் வாயை மறைத்துச் சிரிக்கப் பழகிக்கொள்கிறாள். என் வாதம் ஒன்றுதான். இந்த மாவட்டத்துப் பெண்ணின் பல்லில் இருக்கும் காவி, பெரும்பாலும் அவள் சின்ன வயதில் குடித்த தண்ணீரின் பதிவு. ஊரும் அரசும் நேரத்துக்குச் செய்யாத வேலையை ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் செய்து முடிக்க வேண்டும் என்கிறோம். அழகாக இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இங்கே எடுத்திருக்கும் வடிவம் அதுதான். அலங்காரத்தைப் பற்றி யாருக்காவது யோசனை சொல்ல வேண்டியிருந்தால், முகப்பூச்சில் தொடங்காமல் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

பல்லுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். தருமபுரியின் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. மழை குறைந்து, கிணறு வற்றி, போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழமாகப் போகப் போக, பாறையில் நெடுங்காலம் தங்கிய நீர் மேலே வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு அமைகிறது. பல் முளைக்கும்போது வெள்ளைத் திட்டாகத் தெரிவது, போகப்போக வெளியிலிருந்து நிறம் ஏறிப் பழுப்பாகிறது. கடைவாயின் கடைசிப் பல்லைத் தவிர மற்றவற்றின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். முன்பற்களுக்கு அதைவிடவும் முன்னதாகவே முடிந்துவிடும். அதன்பின் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அந்தப் பல்லில் புதிதாக இந்தக் குறை வராது, இருக்கும் குறையும் தானாகப் போகாது. அப்படியானால் இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் பல்லைப் பார்த்து ‘ஒழுங்காப் பல்லு விளக்க மாட்டியா’ என்று கேட்பது எவ்வளவு அபத்தம்! அவள் விளக்கியதற்கும் விளக்காததற்கும் அந்தக் கறையோடு சம்பந்தமே இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த ஃபுளோரைடு பாதிப்பு பற்றி இந்தியாவில் முதல் மருத்துவ அறிக்கையே அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து 1937இல் வந்தது. அதற்கும் முன்னால், 1923இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ஓக்லி என்ற சிற்றூரில் பெற்றோர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை வந்தது என்று ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவரிடம் சொன்னார்கள். அவர் நீரைச் சோதித்தார், சந்தேகப்படும்படி எதுவும் சிக்கவில்லை. இருந்தும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்றார். ஊர் மாறியது. சில ஆண்டுகளில் அடுத்த பிள்ளைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது. காரணம் ஃபுளோரைடு என்று வேதியியலில் உறுதியானது 1931இல்தான். காரணத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே ஒரு சிற்றூர் தண்ணீரை மாற்றிவிட்டது. காரணத்தின் பெயர் தெரிந்த பிறகும் நமக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. காவிரி நீரை இங்கே கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008இல். ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில் முடிந்து திறப்பு விழா கண்டது 2013இல். திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்பதும் உண்டு. ஆனால் நம் நினைவில் நிற்பது கர்நாடக எதிர்ப்பும், அதைக் கண்டித்து 2008 ஏப்ரலில் சென்னையில் திரையுலகம் இருந்த உண்ணாவிரதமும்தான். ஒகேனக்கல் என்றால் அருவி, பரிசல், எண்ணெய்க் குளியல், இரு மாநிலச் சண்டை. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் வாயைப் பொத்திச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 2005இல் பிறந்த பெண்ணுக்கு 2013இல் எட்டு வயது. காவிரி நீர் குழாயில் வந்து சேர்வதற்குள் அவளுடைய பற்கள் உள்ளே உருவாகி முடிந்துவிட்டன. அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் அதே கதை. இன்று இந்த மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்காரர்கள். திட்டம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்திருந்தால் தப்பித்திருக்கக்கூடியவர்கள் இவர்கள். அரசு தாமதித்ததற்கான வட்டியை இவர்கள் பல் மருத்துவமனையில் கட்டுகிறார்கள். முன்பல் ஒன்றுக்கு உறை போட்டாலும் மேல்பூச்சு செய்தாலும் சில ஆயிரம் ஆகும், சிரித்தால் தெரிவதோ ஆறு பல். மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்ப முகாமை அன்றைய முதலமைச்சர் 2023 ஜூலையில் தொடங்கி வைத்தது இதே மாவட்டத்துத் தொப்பூரில். அப்போது அறிவித்த மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். மகளின் முன்பற்களைச் சரிசெய்ய ஒரு தாய் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால், ஒரு கையில் வாங்கியதை மறு கையால் தண்ணீரின் கணக்கில் திருப்பிக் கொடுக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

‘தண்ணி ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணுதானே, காவிப் பல் பையன்களுக்கும் இருக்கே, இதைப் பெண்கள் பிரச்சினையாக்குவானேன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கறை இருவருக்கும் பொதுதான், அதற்கான தண்டனைதான் பொதுவில்லை. அமெரிக்காவில் ஜாக்லின் வாங், ஆண்ட்ரூ பென்னர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தோற்றத்தால் கிடைக்கும் கூடுதல் வருமானம் ஆண், பெண் இருவருக்குமே உண்டு. ஆனால் பெண்ணின் விஷயத்தில் அந்தக் கூடுதலின் பெரும்பங்கு பிறவி அழகுக்குக் கிடைப்பதில்லை, ஒப்பனை, உடை, சீர்செய்த முடி ஆகியவற்றுக்குக் கிடைக்கிறது. அதாவது பெண்ணிடம் எதிர்பார்ப்பது தினமும் செய்து காட்ட வேண்டிய ஒரு வேலை. அந்த வேலைக்கு நேரம் எங்கே இருக்கிறது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஓசூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு இந்த ஐந்து மணி நேரத்துக்கு மேல்தான் புருவம் திருத்துவதும் முடி நீவுவதும் பல்லைத் தேய்த்து வெளுக்கப் பார்ப்பதும். காவிப் பல் மாப்பிள்ளைக்கு எவரும் கரித்தூள் சிபாரிசு செய்வதில்லை. ‘எங்க பக்கத் தண்ணி அப்படி’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த விளக்கம் சரியானதுதான். அதைப் பெண்ணுக்கும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி, செய்யக்கூடியது என்ன? முதலில், எந்தக் கறை என்று பிரித்துப் பார்ப்பது. வெற்றிலை, புகையிலை, டீயால் வரும் கறை பல்லின் மேல் படிவது, பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போகும். ஒரு பல்லில் மட்டும் பழுப்புக் குழி என்றால் சொத்தையாக இருக்கலாம். வாயின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே பல் இணைகளில் திட்டும் கோடுமாக இருந்தால் அது ஃபுளோரைடின் கைவரிசை. அது எனாமலுக்குள் இருப்பதால் எந்தப் பற்பசையும் எட்டாது. சாம்பல், செங்கல்பொடி, கரித்தூள், எலுமிச்சை எல்லாம் ஏற்கெனவே இறுகாத எனாமலை இன்னும் தேய்க்கும், அரிக்கும்; கூச்சம் வரும், கறை அப்படியே இருக்கும். லேசான கறைக்கு மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுக்கும் சிகிச்சையோ பிசின் ஊட்டும் சிகிச்சையோ போதும். மருந்து வைத்து வெளுப்பது பழுப்பைக் குறைக்கும், வெள்ளைத் திட்டை அழிக்காது. அழுத்தமான கறைக்குத்தான் மேல்பூச்சும் உறையும். ஆரோக்கியமான பல்லைக் குடைந்து உறை போடச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள், ஒருமுறை குடைந்த பல்லைப் பழையபடி ஆக்க முடியாது. குறையைவிட நிவாரணம் கெடுதல் செய்வது முகத்திலும் நடக்கிறது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சிவப்பழகுக்காகத் தடவி முகம் மெலிந்து, சிவந்து, முடி முளைத்தவர்கள் ஏராளமாகித்தான் 2018இல் அவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கும் பட்டியலில் ஒன்றிய அரசு சேர்த்தது. கேரளத்தின் மலப்புறத்தில் 2023இல் பாதரசம் கலந்த வெளுப்புப் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு கண்டறியப்பட்டது. தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் மூன்றும் டப்பாவில் இல்லாத எதையும் முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் ஆழமானது. அலங்காரம் பெண்ணுக்குப் பிடித்த காரியம், மஞ்சளும் மருதாணியும் பூவும் எந்தக் கம்பெனியும் வருவதற்கு முன்பே இருந்தவை, அதைப் போய்ச் சுமை என்கிறீர்களே என்பது. பிடித்துச் செய்வதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. அரூர்ச் சந்தையில் முழம் போட்டு மல்லிகை வாங்குகிறவளைப் பிடித்து வைத்து விடுதலை பற்றி வகுப்பெடுப்பதும் ஒரு வகை அதிகாரம்தான். ஆனால் பிடித்ததா, நெருக்கடியா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதைச் செய்யாத நாளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். பூ வைக்காத நாளில் ஒன்றும் ஆகாவிட்டால் அது விருப்பம். வேலை போகும், வரன் தட்டும், நாலு பேர் கேட்பார்கள் என்றால் அதற்கு வேறு பெயர். இந்த அளவுகோலில் பார்த்தால் மாமியாரையும் அத்தையையும் மட்டும் குற்றம் சொல்வதும் சரிப்படாது. மகளை ‘வாயை மூடிச் சிரி’ என்று சொல்லும் அம்மா, தண்டனை நிஜம் என்பதை அறிந்து சொல்கிறாள். அதனால்தான் சிகிச்சை செய்துகொள்ளும் பெண்ணை நான் தடுக்க மாட்டேன். நேர்காணலுக்குப் போகிறவளிடம் ‘இது சமூகக் குற்றம், நீ அப்படியே போ’ என்பது அடுத்தவர் செலவில் கொள்கை பேசுவது. செய்துகொள்ளட்டும், கூச்சமில்லாமல், தகவலோடு, கடன் வாங்காமல். மகனுக்கும் அதே சிகிச்சை தேவையா என்ற கேள்வியையும் அதே நாளில் வீட்டில் கேட்கட்டும்.

எனக்கு உறுத்துவது மறைப்பதால் வரும் இன்னொரு நஷ்டம். காவிப் பல் ஒரு எச்சரிக்கையும்கூட. அதே நீரைப் பெரியவர்களான பிறகும் வருடக்கணக்கில் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் சேரும். மூட்டு இறுகும், முதுகு வளையும். பல்லைவிட அது பெரிய சங்கதி. ஒவ்வொரு வீடும் தன் பெண்ணின் பல்லுக்கு ரகசியமாக உறை போட்டுவிட்டால் ஊரின் சாட்சியம் அழிந்துபோகும், போர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அக்காவின் பல்லைச் சரிசெய்யும் வீடு, தம்பி தங்கையின் பல்லைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2013க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் புதிதாக முளைத்த முன்பல்லில் திட்டு இருந்தால், காவிரி நீர் அந்த வீட்டுக்கு ஒழுங்காக வருவதில்லை அல்லது குடிக்கவும் சமைக்கவும் போர்த் தண்ணீரே புழங்குகிறது. கொதிக்க வைப்பது உதவாது, நீர் சுண்டும்போது ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். துணியில் வடிகட்டுவதும் மண்பானையில் ஊற்றி வைப்பதும் உதவாது. ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடைப் பெருமளவு நீக்கும், ஆனால் எல்லா வீட்டுக்கும் அது கட்டுப்படியாகாது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் நல்ல தண்ணீரை முதலில் ஒதுக்குங்கள், துணி துவைக்கப் போர்த் தண்ணீர் போகட்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் அதற்கான பெட்டியும் தர ஏற்பாடு உண்டு, அதில் ஃபுளோரைடும் அளக்கலாம். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையொட்டிக் கிராம சபை கூடும். அங்கே ஒவ்வொரு போரின் ஃபுளோரைடு அளவையும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, வாசித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.